ஆளுக்கு ஒரு பிடி

கல்யாணப் பதிவேட்டில் செல்சாவின் தொழிலை எழுதியவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோன்ச்சோவைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்றார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கப்பல்ல மீன்பிடி" என்றான். எழுதிக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலேயே அடுத்த வரியில் 'வீட்டு வேலை' என்று எழுதி மை ஒற்றினார். ஸ்பெயின் தேசம் முழுக்க அந்தக் காலத்தில் பெண் என்றால் அந்த இடத்தில் அதைத்தான் எழுதுவார்கள். கேட்டு எழுத என்ன இருக்கிறது?

செல்சாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. அன்று விடியற்காலையில்கூடச் சேற்றில் இறங்கி ஒரு வாளி மட்டி எடுத்து விற்றுவிட்டுத்தான் வந்து கல்யாண உடுப்பைப் போட்டிருந்தாள். கையெழுத்துப் போடும்போது நகக்கண்ணில் கறுப்புச் சேறு அப்படியே இருந்தது. பதிவு செய்தவர் அதைப் பார்த்தார். பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கலீசியாவில், எங்கள் சான் மாமெதே குடாவில், ஆண்கள் படகில் போனால் அதற்குப் பெயர் வேலை. பெண்கள் நீர் வடிந்த சேற்றில் இடுப்பொடியக் குனிந்து, பல் வைத்த வாரியால் மண்ணைக் கீறி மட்டி எடுத்தால் அதற்குப் பெயர் ஒன்றுமில்லை. 'எங்கே உன் பெண்டாட்டி?' என்று கேட்டால், 'கடற்கரைக்குப் போயிருக்கா' என்பார்கள், ஏதோ காற்று வாங்கப் போனவளைப் போல. சனவரி மாதத்து மழையில் முட்டியளவு தண்ணீரில் நாலு மணி நேரம் நின்று காற்று வாங்கினவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். அந்தக் காசில்தான் பிள்ளைகளுக்குச் செருப்பு வந்தது. கப்பல் ஐந்து மாதம் திரும்பாதபோது உருளைக்கிழங்கும் கோசும் போட்ட சூப்பு கொதித்ததும் அதில்தான்.

செல்சாவிடம் ஒரு குழந்தை வண்டி இருந்தது. மூன்று பிள்ளைகளை அதில் தள்ளினாள். பிள்ளைகள் இறங்கியபின் இருபது வருசம் அதிலேயே மட்டிக் கூடையைத் தள்ளினாள். சக்கரம் கீச்சிடும் சத்தம் கேட்டால், தண்ணீர் வடிந்துவிட்டது என்று ஊரே தெரிந்துகொள்ளும்.

சேற்றுக்குள் எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாலோ, காலை உடைத்துக்கொண்டாலோ, அவள் கூடையை யாராவது கொண்டுவந்து கரையில் வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து ஏறும்போது ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவிட்டுப் போவாள். பேச்சு கிடையாது, எழுதி வைப்பது கிடையாது. அதற்குப் 'பிடி' என்றே பெயர். செல்சாவின் கை பெரிய கை. அவள் போடும் பிடி மற்றவர்கள் போடுவதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். ஆனால் அவள் வாங்கினதில்லை. மூன்றாவது பையன் பிறந்த ஒன்பதாம் நாள், குழந்தையை வண்டியில் போட்டுக் கரையில் நிறுத்திவிட்டுச் சேற்றில் இறங்கிவிட்டாள். "அடுத்தவ கையால வாங்கி என் வயிறு நிறைய வேணாம்" என்றாள். ஊர் அதை வைராக்கியம் என்று மெச்சிக்கொண்டது.

தொண்ணூற்றாறாம் வருசம் ஏப்ரலில் பால்பினா கூட்டம் போட்டாள். பால்பினா செல்சாவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்துவிட்டு, ஆலை மூடியதும் சேற்றுக்கு வந்தவள். வாய் உள்ளவள், அதோடு பத்திரங்களைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவள். மீனவர் சங்கத்தில் அதுவரை பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஆண்கள் உட்கார்ந்து பேச, பெண்கள் வாசலில் நின்று கேட்பார்கள். பால்பினாதான் பெண்களைத் தனியாகச் சேர்த்து, வலை காயப்போடும் மேல்மாடியில் உட்கார வைத்தாள்.

"கேளுங்க. இனிமே அட்டை வாங்கிக்கிட்டுத்தான் மட்டி எடுக்கணும். மாசாமாசம் கடல் தொழிலாளர் காப்பீட்டுக்குக் கட்டணும். பதினஞ்சு வருசம் கட்டினா வயசான காலத்துல ஓய்வூதியம் வரும். புருசன் பேர்ல இல்ல, நம்ம பேர்ல."

விசயம் முன்பே காதில் விழுந்திருந்ததால், செல்சா கூட்டத்துக்கு முதல்நாளே வீட்டில் இதைப் பேசியிருந்தாள். மோன்ச்சோ ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டே சிரித்தான். "என் பேர்லதான் கட்டியாச்சே. நான் செத்தா உனக்குப் பாதி வரும். நீ என்ன வேலைக்கா போற? கடற்கரைக்குப் போற. அதுக்கு எவனாவது காசு கட்டுவானா? கடல்ல கொண்டுபோய்க் கொட்டுறதும் இதுவும் ஒண்ணுதான்." மோன்ச்சோ கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு அடித்தவன் இல்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறவன். அதனால்தான் அவன் சொன்னது அவளுக்கு வேதவாக்காக இருந்தது. கெட்டவன் சொல்லியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பாள்.

கூட்டத்தில் படிவத்தை நீட்டியபோது செல்சா எழுந்து நின்று எல்லார் முன்னாலும் அதை நாலாகக் கிழித்தாள்.

"ஏண்டி பால்பினா, சேத்தைக் கிண்டுறதுக்கும் வரி போட வந்துட்டியா? யாருகிட்டடி கமிஷன் வாங்கினே?"

பால்பினா முகம் சிவந்தது. குனிந்து நாலு துண்டையும் பொறுக்கித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே சேற்றில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்.

செல்சாவின் மனத்தை மாற்றியவள் அவெலீனா. கல்யாணமே செய்துகொள்ளாதவள், எழுபத்துமூன்று வயது. பன்னிரண்டு வயதில் சேற்றில் இறங்கியவள் அறுபது வருசத்துக்குமேல் ஏறவே இல்லை. அடுத்த வருசம் பிப்ரவரியில் தண்ணீரிலேயே மயங்கி விழுந்தாள். செல்சாதான் தன் குழந்தை வண்டியில் அவளைப் போட்டு, கால்கள் வெளியே தொங்க, மேட்டில் தள்ளிக்கொண்டு போனாள். அவெலீனாவின் அடுப்பங்கரையில் மேசைமேல் மெழுகுத்துணி விரிப்பின் அடியில் ஒரு கடிதம் இருந்தது. ஏழைகளுக்குக் கொடுக்கும் சொற்ப உதவித்தொகைக்கான கடிதம். அதில் ஒரு வரி: 'பணி செய்ததற்கான ஆதாரம் ஏதும் இல்லை.'

அவெலீனா படுக்கையிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். விரல்கள் கொக்கிபோல வளைந்து நீட்ட முடியாமல் இருந்தன. "அடுத்த தடவை எழுதுறவன்கிட்ட இதைக் கொண்டுபோய்க் காட்டு செல்சா. ஆதாரமாம் ஆதாரம்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்த மாதம் போய்விட்டாள்.

செல்சாவுக்கு உடனே போகக் கால் வரவில்லை. கிழித்த கை அல்லவா? மார்ச் போய், ஏப்ரல் போய், சூன் மாதம் ஒரு மழைநாளில் பால்பினா வீட்டுக் கதவைத் தட்டினாள். அதற்குள் பதினான்கு மாதம் ஓடியிருந்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு போனவளுக்கு வாசலில் நின்றதும் வாய் வரவில்லை. பால்பினா அவளைப் பார்த்தாள், உள்ளே போனாள், ஒரு புதுப் படிவத்தோடு வந்தாள். அதில் செல்சாவின் பெயரும் வீட்டு விலாசமும் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"போன வருசமே எழுதி வச்சிட்டேன் அக்கா. கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாள்.

செல்சா கையெழுத்துப் போட்டாள். நன்றி என்று ஒரு சொல் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அப்புறம் பதினைந்து வருசக் கதை. கழுத்தில் தொங்கும் அட்டை, மட்டியின் அளவு பார்க்கும் வளையம், அளவுக்குச் சின்னதானால் திரும்பச் சேற்றுக்கே போகவேண்டும் என்ற கட்டுப்பாடு. மட்டிக் குஞ்சுகளை விதைபோல விதைத்து, அந்தப் பக்கத்தை வருசக்கணக்கில் மூடி வைப்பது. முறை போட்டுக்கொண்டு காவல் இருந்து திருட்டுக் கைகளை விரட்டுவது. முதலில் முணுமுணுத்தவர்கள்தான் பிறகு எல்லாரையும்விடக் கறாராக நின்றார்கள், செல்சா உள்பட. ஒரு விதியை மட்டும் எல்லாரும் பயந்து மதித்தார்கள். வருசத்துக்கு இத்தனை நாள் வேலைக்கு வராவிட்டால் அட்டை போய்விடும். அட்டை போனால் காப்பீடும் போச்சு.

செல்சாவுக்கு அறுபத்துநாலு நடக்கும்போது முட்டி போயிற்று. மருத்துவர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இனிமே சேத்துல மண்டி போட்டீங்கன்னா தூக்கிவிட கிரேன்தான் வரணும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருசம் முடிய இன்னும் பதின்மூன்று மாதம். அன்றைக்குக் கிழிக்காமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்து ஒரு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருப்பாள். மருத்துவ விடுப்பு எடுக்கலாம்தான். ஆனால் அது நீண்டு, 'வேலைக்குத் தகுதியில்லை' என்று எவனாவது எழுதிவிட்டால் அட்டையைக் கேட்பார்கள் என்று பயந்தாள். பதினாலு வருசம் கட்டியதற்கு ஒன்றும் கிடையாது. பதினைந்து என்றால் பதினைந்து.

யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் இறங்கினாள். வலியில் உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. எட்டாம் நாள் எழ முடியாமல் சேற்றில் கையை ஊன்றிக்கொண்டிருந்தபோது பால்பினா வந்து பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அன்று சாயங்காலமே கூட்டம்.

"காவல் இருக்கிற நாளும் வேலை நாள்தான், சட்டத்துல இருக்கு" என்றாள் பால்பினா. "அடுத்த சூன் வரைக்கும் காவல் முறை எல்லாத்தையும் செல்சா அக்காவுக்குக் குடுத்துடலாம்னு சொல்றேன். பாறையில உக்காந்து பாக்கணும், அவ்வளவுதான். மண்டி போட வேண்டியதில்ல."

"காவல்காரிக்கு மட்டி கிடையாதே" என்றாள் ஒருத்தி. "மாசக்கட்டு எதை வச்சுக் கட்டும்?"

"பிடி எதுக்கு இருக்கு?"

செல்சா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு யாரு பிடியும் வேணாம். இது வரைக்கும் வாங்கினதில்ல."

"அதான் தெரியுமே" என்றாள் பால்பினா. அவள் குரல் உயர்ந்தது. "என் ரெண்டாவது பொண்ணு பொறந்தப்ப என் கூடையில எல்லாரையும்விடப் பெரிய பிடி உங்களுதுதான். அப்ப நாம பேசிக்கக்கூட இல்ல. நான் வாங்கிக்கிட்டேனா இல்லையா? குடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது, அப்படித்தானே? அதுக்குப் பேரு வைராக்கியம் இல்ல அக்கா, திமிரு."

நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒன்றும் இல்லை. செல்சா உட்கார்ந்தாள். அவளுக்குக் கண் மங்கியது. கிழவியாகிற வயதில்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வருசம் முழுக்க அவள் முனைப்பாறையில் உட்கார்ந்தாள். ஆரஞ்சு நிற மழைக்கோட்டு, கழுத்தில் விசில், மடியில் தொலைபேசி. வேலை முடிந்து பெண்கள் ஏறும்போது அவளுடைய கூடையைத் தாண்டித்தான் போக வேண்டும். சரக் சரக்கென்று மட்டி விழும் சத்தம் கேட்கும். முதல் மாதம் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கடலைப் பார்த்துக்கொண்டு திரும்பாமல் இருந்தாள். இரண்டாம் மாதம் திரும்பிப் பார்த்தாள். குளிர் வந்தபோது ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துத் தலையாட்டத் தொடங்கினாள்.

மோன்ச்சோ கப்பலைவிட்டு ஓய்வு பெற்றுப் பத்து வருசமாகியிருந்தது. காலையில் சூப்புக் குடுவையைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு வருவான். அங்கிருந்து பெண்கள் குனிந்து வேலை செய்வதைப் பார்ப்பான். நாற்பது வருசம் கடலில் கிடந்தவன், தன் ஊர்க் கடற்கரையில் நாலு மணி நேரம் என்ன நடக்கிறது என்பதை அப்போதுதான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தான். அதன்பிறகு அவன் சீட்டாட்டத்துக்குப் போவது குறைந்தது.

அடுத்த ஏப்ரலில், இன்னும் இரண்டே மாதம் பாக்கி இருக்கும்போது, ஒரு காலை நல்ல மூடுபனி. வேலை இல்லாத நாள். குஞ்சு விதைத்து மூடி வைத்திருந்த பக்கத்தில் யாரோ குனிந்திருப்பது செல்சாவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு வாளி. காது கிழிய விசிலை ஊதினாள்.

"யாரது? வாளியை வச்சிட்டு நில்லு!"

"ஏய், ஊதாதடி, நான்தான்!"

"நான்தான்னா? பேரைச் சொல்லு."

"பேரா? நாப்பத்திநாலு வருசமா ஒரே கட்டில்ல படுக்கிறவன் பேரு தெரியாதா உனக்கு?"

செல்சா ஊன்றுகோலை ஊன்றி இறங்கிப் போனாள். வாளியில் பாதிக்குமேல் மட்டி. மோன்ச்சோ அசடு வழிய நின்றான்.

"கத்தாதடி. உனக்காகத்தான். அவங்க எல்லாரும் வருசம் முழுக்க உனக்குப் பிடி போட்டாங்கல்ல? ஒரு நாள் கூப்பிட்டு மட்டிச்சோறு ஆக்கிப் போடலாம்னு பாத்தேன். ஒரு நன்றிக்கு."

"அவங்ககிட்டயே திருடி அவங்களுக்கே விருந்தா?"

"திருட்டா? வீட்டுக்கு ஒரு வாளி திருட்டாடி? எங்கப்பன் எடுக்கலையா, எங்க தாத்தன் எடுக்கலையா?"

"உங்கப்பன் விதைச்சானா? இதை நாங்க விதைச்சோம்."

அவன் பனிக்குள் இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "சரி, யாரு பாத்தா இப்ப?"

"நான் பாத்தேன்" என்றாள் செல்சா. காவல்காரி தன் வீட்டாளை மறைத்தால் அட்டை பறிபோகும். அது அவளே கை தூக்கி ஓட்டுப் போட்ட விதி. "நாப்பத்திரண்டு பேரு நம்பி உக்கார வச்சிருக்காங்க. இதை மறைச்சா என் பதினஞ்சு வருசமும் போச்சு. நீ சொல்லித்தான்யா பதினாலு மாசத்தை விட்டேன். இதையும் விடச் சொல்றியா?"

"அட, கடற்கரைக்கு வந்த இடத்துல ஏண்டி இவ்வளவு..."

"நான் கடற்கரைக்கு வரலைய்யா. வேலையில இருக்கேன்."

மோன்ச்சோ மெல்லக் குனிந்து வாளியிலிருந்த மட்டிகளை ஒவ்வொன்றாகச் சேற்றில் திரும்பப் புதைக்க ஆரம்பித்தான். பாதி முடிவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். செல்சா தொலைபேசியில் பால்பினாவைக் கூப்பிட்டாள். பால்பினா வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரசீதுப் புத்தகத்தில் அபராதம் எழுதிக் கிழித்து அவன் கையில் கொடுத்தாள்.

ஊர் விடுமா? அதற்கப்புறம் மோன்ச்சோ மதுக்கடைக்குள் நுழைந்தாலே நாலு பேர் விசில் அடித்தார்கள். "பெஞ்சாதி பிடிச்சுக் குடுத்த திருடன் வந்துட்டான், வாளியை உள்ள வைங்கடா!" என்றார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "காவல்காரி கறாரானவடா. பத்து வருசம் முன்னாடியே வச்சிருந்தா ஊர்ல ஒரு திருடன் இருந்திருக்க மாட்டான்" என்றான். கேட்டவர்கள் வந்து செல்சாவிடம் சொன்னார்கள். அவள் காதில் விழாதவள்போல இருந்தாள். ஆனால் அன்று ராத்திரி அவனுக்குச் சூப்பில் கறித்துண்டு ஒன்று கூடுதலாகக் கிடந்தது.

சூனில் பதினைந்து வருசம் முடிந்தது. ஆகஸ்டில் கடிதம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் திராட்சைப் பந்தலின் கீழ் நாற்பத்திரண்டு பெண்களுக்கும் பலகைகளைச் சேர்த்து நீள மேசை போட்டிருந்தது. மட்டி, ஏலக்கூடத்தில் மோன்ச்சோ எல்லாரையும்போல விலை கொடுத்து வாங்கியது. விடியலிலிருந்து அவன்தான் அடுப்படியில் நின்றான். பெரிய இரும்புச் சட்டியில் சோறும் மட்டியும் கொதித்துக்கொண்டிருந்தது.

"முதல்ல கடிதத்தைப் படி" என்றாள் செல்சா.

மோன்ச்சோ கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினான். மீனவர் சங்கத்தில் ஆண்கள் படிக்க வாசலில் நின்று கேட்டவர்களில் பாதிப்பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவள் முழுப்பெயரைப் படித்தான். தொகையைப் படித்தான். பெரிய தொகை இல்லை, அவனுடையதில் பாதிகூட இல்லை. யாரோ ஒருத்தி, "நம்ம முட்டிக்கு இவ்வளவுதான் விலையா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வரியில் மோன்ச்சோ நின்றுவிட்டான்.

"தொழில்: மட்டி எடுப்பவர்."

"இன்னொரு தடவை படி" என்றாள் செல்சா.

படித்தான். இந்தத் தடவை சத்தமாகப் படித்தான். செல்சா அவெலீனாவின் வளைந்த விரல்களை நினைத்துக்கொண்டாள். காகிதத்தை வாங்கி மடித்து மேலங்கிப் பையில் வைத்தாள். ஏதாவது பேசுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அந்த ஒரு சொல் இப்போதும் தொண்டையில்தான் நின்றது. அவள் சட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைக்கச் சொன்னாள். பழைய குழந்தை வண்டிதான், சக்கரம் இன்னும் கீச்சிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு மேசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கினாள். முதல் தட்டு பால்பினாவுடையது. ஆவி பறக்கும் சட்டிக்குள் கையைவிட்டு மட்டியை ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டாள்.

"அக்கா, கை வெந்துடும்! கரண்டி இருக்கு பாருங்க" என்று பால்பினா பதறினாள்.

"நீங்க யாரும் எனக்குக் கரண்டியால போடலையே" என்று சொல்லிவிட்டு, செல்சா வண்டியை அடுத்த தட்டுக்குத் தள்ளினாள்.